மழை நாளுக்கு ஒரு பல்லாங்குழி

ஹாரோ, லண்டன்
22 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன என்று மறைக்காமல் எழுதுங்கள். போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடுகிறீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டது மனதிலேயே இருக்கிறது. "எப்பப் பார்த்தாலும் கேக் விற்பனை, ஓட்டு, விளையாட்டுன்னே சொல்லுதியே, பிள்ள படிக்கானா இல்லையா?" என்றீர்கள். முப்பத்து நாலு வருஷம் வாத்தியாராக இருந்தவருக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

படிக்கிறான் அப்பா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் இங்கிலாந்து முழுக்க நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுத் தேர்வு வைத்தார்கள். கம்ப்யூட்டரில் 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 நொடி, பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை. நீங்கள் அவனைப் பதினாறு வரை போனிலேயே சொல்ல வைத்தீர்களே, அது வீண் போகவில்லை. "தாத்தா இதைவிட வேகமா கேட்பாங்க" என்று சொல்லிக்கொண்டே போனான், சிரித்துக்கொண்டே வந்தான். தினமும் ராத்திரி ஒரு புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கிறான். கேட்டோம் என்று அவன் வாசிப்பு நோட்டில் நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

அவன் படிப்பது ஜூனியர் ஸ்கூலில். ஜூனியர் ஸ்கூல் என்றால் ஏழு வயதிலிருந்து பதினோரு வயது வரை, மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை. அதற்குக் கீழே உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு இன்ஃபன்ட் ஸ்கூல் தனி. அவன் 2023 செப்டம்பரில் நேரே ஜூனியர் ஸ்கூலில்தான் சேர்ந்தான். மற்ற பிள்ளைகள் கீழே இருந்தே ஒன்றாகப் படித்து வந்தவர்கள், இவன் மட்டும் புதுசு. அப்போது அவனுக்கு இங்கிலீஷ் காதில் விழும், வாயில் வராது. உங்களிடம் அன்றைக்குச் சொல்லவில்லை, முதல் வாரம் முழுக்க நான் வீட்டில் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அங்கே மைதானத்து ஓரத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. விளையாட ஆள் இல்லாத பிள்ளை அதில் போய் உட்கார்ந்தால் போதும், யாராவது வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த வேலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுடையது, மஞ்சள் சட்டை மாட்டியிருப்பார்கள். மூன்றாம் நாள் இவன் போய் உட்கார்ந்திருக்கிறான். ஒரு பெண் வந்தாளாம். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. பந்தை இவன் காலடிக்கு உருட்டிவிட்டு எதிரே போய் நின்றுகொண்டாளாம். இவன் எழுந்து உதைத்திருக்கிறான், அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது அப்பா? பொறுப்பைக் கையில் கொடுத்து நம்பியதால் வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்களும் ஐந்தாம் வகுப்புப் பையன்களிடம் மணி அடிக்கிற வேலையைக் கொடுத்து வைத்திருந்தீர்களே, அந்த மாதிரி.

மத்தியானச் சாப்பாடு பள்ளியிலேயே. லண்டனில் அரசாங்கப் பணத்தில் நடக்கிற எல்லா ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் 2023 செப்டம்பரிலிருந்து இலவசம், இவன் சேர்ந்த அதே மாதம். ஏழை பணக்காரன் என்று பிரிக்காமல் எல்லோரும் ஒரே வரிசையில் தட்டை ஏந்தி நிற்கிறார்கள். தோலோடு சுட்ட பெரிய உருளைக்கிழங்கைப் பிளந்து நடுவில் அவித்த பீன்ஸை ஊற்றிக் கொடுக்கிறார்களாம், அவனுக்கு அது உயிர். அவன் சொல்லச் சொல்ல எனக்கு உங்கள் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்த வருஷம், வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வராமல் இருந்தது மாறி உட்கார இடம் போதாமல் போனதைச் சொல்வீர்களே.

விளையாட்டு விழா, சைக்கிள் பழக்குவது, ஆறாம் வகுப்பில் வெளியூர் கூட்டிப்போய்த் தங்க வைப்பது எல்லாம் உண்டு. நாம் எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து ஓடுகிறோம், இவர்கள் முட்டையை வைத்து ஓடுகிறார்கள்.

என் கதைக்கு வருகிறேன். முதல் மூன்று மாதம் பள்ளி வாசலில் நான் தனியாகத்தான் நிற்பேன். மூன்றே கால் மணிக்கு விடுவார்கள், எல்லா அம்மாக்களும் கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டு இருப்பார்கள். பெற்றோர் சங்கத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமை கேக் விற்பனை என்று செய்தி அனுப்பினார்கள். எனக்குக் கேக் செய்ய வராது, முறுக்கு சுற்றி எடுத்துப் போனேன். மேசையில் நின்ற அம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, நிலக்கடலை உண்டா, எள் உண்டா என்று கேட்டார். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது, வேண்டாம் என்கிறாரோ என்று. அப்புறம்தான் புரிந்தது. சில பிள்ளைகளுக்குக் கடலையோ எள்ளோ வாயில் பட்டாலே உயிருக்கு ஆபத்து. பள்ளிக்குள் நிலக்கடலையே கூடாது. எள்ளை அட்டையில் எழுதி வைத்தால் போதும் என்றார், பேனாவையும் அவரே கொடுத்தார். அரிசி மாவு, உளுந்து, வெண்ணெய், எள் என்று எழுதி முன்னால் வைத்தேன். ஒன்று 50 பென்ஸ். இரண்டு சிறுமிகள் ஒன்றை வாங்கிச் சுவருக்குப் பின்னால் போய் உடைத்துத் தின்றுவிட்டு, அம்மாவிடம் காசு வாங்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். டப்பா காலியாகும்போது அந்த அம்மா என் போன் நம்பரைக் கேட்டு வாங்கினார். குஜராத்தி அவர், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அன்றிலிருந்து நான் வாசலில் தனியாக நின்றதில்லை.

அக்டோபரில் அறுவடைத் திருநாள் கொண்டாடுகிறார்கள். பொங்கல் வைப்பதெல்லாம் இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு டப்பா கொண்டைக்கடலையோ சூப்போ கொண்டுவந்து மேடையில் அடுக்குவார்கள், பாடுவார்கள், அப்புறம் அதெல்லாம் உணவு வங்கிக்குப் போகும். இந்த ஊரிலும் மாதக் கடைசியில் அடுப்பு எரியாத வீடுகள் இருக்கின்றன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்று மட்டும் குறையாகப் படுகிறது. எல்லாச் செய்தியும் போனில், இங்கிலீஷில் வருகிறது. வாசலில் ஒரு யாழ்ப்பாணத்துப் பாட்டி பேத்தியைக் கூட்டிப்போக வருவார், மகளுக்கும் மருமகனுக்கும் வேலை. உடுப்பு மாற்றி வர வேண்டிய நாளில் அவர் பேத்தி மட்டும் சீருடையில் வந்து நின்று அழுதது. பிள்ளை என்ன பிழை செய்தது? இப்போது செய்தி வந்ததும் நான் தமிழில் பேசிப் பதிவு செய்து அந்தப் பாட்டிக்கு அனுப்பிவிடுகிறேன். பள்ளியிலும் சொல்லியிருக்கிறேன், கேட்டுக்கொண்டார்கள்.

சரி, ஓட்டு விஷயம். ஒவ்வொரு வகுப்பும் மாணவர் மன்றத்துக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும். போன செப்டம்பரில் உங்கள் பேரன் நின்றான், சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டு எண்ணினார்கள், ஜெயித்தான். மழை பெய்தால் இங்கே பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள், வகுப்பிலேயே விளையாட வேண்டும். மழைக்கோ குறைவில்லை. ஆனால் விளையாட்டுப் பெட்டியில் ஒன்றுக்கும் காய் முழுசாக இல்லையாம். அதைத்தான் மன்றத்தில் பேசினான். பேசியதோடு நிற்கவில்லை. பன்னிரண்டு முட்டை அட்டையில் இன்னும் இரண்டு குழி வெட்டி ஒட்டிப் பதினான்காக்கி, கொண்டைக்கடலையைக் காயாகப் போட்டு, பல்லாங்குழி செய்து எடுத்துப் போனான். குழியில் நாலு சேர்ந்ததும் "பசு!" என்று கத்தி எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவன் கூட்டாளி ஒரு ருமேனியப் பையன், நேற்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். சோபாவில் உட்கார்ந்துகொண்டு அவனும் "பசு! பசு!" என்று கத்துகிறான் அப்பா. அம்மாச்சி திண்ணையில் கத்தியது மாதிரியே இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

செப்டம்பரில் புது வருஷம் தொடங்கும்போது வகுப்புக்கு ஒரு பல்லாங்குழி வைத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அதனால் ஒரு உதவி. திருச்செந்தூர் போகும்போது கோயில் கடைகளில் சோழி வாங்கி அனுப்புங்கள். மரப்பலகை நல்லதாக ஒன்று கிடைத்தாலும் சரி, மற்றதற்கு முட்டை அட்டை இருக்கிறது. குழிக்கு ஐந்து வீதம் ஒரு பலகைக்கு எழுபது வேண்டும், தொலைத்துவிடுவார்கள், நூறாகவே போடுங்கள். ஆட்ட முறையை உங்கள் கையெழுத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். வெறும் குழியைத் தடவிவிட்டு அடுத்த குழியை எடுப்பது அவனுக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறான், எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவான். அதை இங்கிலீஷில் எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டப்போகிறானாம்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்