தறிக்குழிக்கு இடம் விடுங்கள்

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தாருக்கு வணக்கம்.

1970இல் குடிசை மாற்று வாரியமாகப் பிறந்த நீங்கள் 2021இல் பெயரை மாற்றிக்கொண்டீர்கள். குடிசை போய் வாழ்விடம் வந்தது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கும்பகோணத்துக்கு அருகே உள்ள எங்கள் திருபுவனத்துப் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பட்டு பிறப்பது வீட்டுக்குள். வாசலைத் தாண்டியதும் தறி. அப்பா குழிக்குள் காலை விட்டு மிதித்துக்கொண்டே அம்மாவோடு பேசுவார். அம்மா நூல் சுற்றியபடியே உலையைப் பார்த்துக்கொள்வார். நான் தூங்கியது தறிக்கும் சுவருக்கும் நடுவில்.

பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் பொருளாதாரத்தில் நலிந்தோர் வீட்டுக்கு வகுத்த அளவு 30 சதுர மீட்டர், ஏறக்குறைய 320 சதுர அடி. கும்பகோணத்தில் மாதம் பிறந்தால் வாடகைக்கு அல்லாடுபவர், சொந்தம் என்ற ஒன்றுக்காகவே அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எனக்கும் அளவில் சண்டையில்லை. தறிக்காரருக்குக் குலுக்கலில் மூன்றாம் மாடி வீடு கிடைத்தால் என்ன செய்வார் என்பதே கேள்வி. மாடியில் குழி வெட்ட முடியுமா? குழியில்லாத தறியும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க அது அடிக்கும் சத்தத்தைக் கீழ்வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்?

மாற்றுத்திறனாளிக்கும் முதியவருக்கும் தரைத்தளம் தருவதுதான் முறை. அதில் கை வைக்கச் சொல்லவில்லை. மிச்சமிருக்கும் தரைத்தள வீடுகளைக் குலுக்கலுக்கு விடாமல் கைத்தறி நெய்பவருக்கு ஒதுக்குங்கள். அவ்வீடுகளில் ஒரு மூலையைக் கான்கிரீட் போடாமல் மண்ணாகவே விடுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு யார் உடைப்பது? ஐப்பசி மழையில் இங்கே நிலத்தடி நீர் மேலேறி வந்து தறிக்குழியில் நிற்கும். வெள்ளத்துக்காக எப்படியும் அடித்தளத்தை உயர்த்தித்தான் கட்டப்போகிறீர்கள். இன்னும் ஓரடி உயர்த்தினால் குழியும் நனையாது. புடவையில் பூவேலை விழ உதவும் ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே உட்காரும் என்பதால் கூரையின் உயரத்தையும் ஒருமுறை பாருங்கள்.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவை நீட்டிக் கட்ட நீளமான தெரு வேண்டும், வெயில் ஏறுவதற்குள் முடிகிற வேலை அது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நேராக ஒரு பாதை விட்டால் போதும். அதை மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடமாக்கிவிடாதீர்கள். விட்டால் எங்கள் ஆட்களே ஆக்கிவிடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாச்சியார்கோவில் விளக்கு வார்ப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு உலை வைக்கத் தனிக் கொட்டகை வேண்டும். அவர்களுக்காக நான் பேசுவது சரியாகாது, அவர்களையே கேளுங்கள்.

டெல்டாவில் அடுத்த திட்டத்துக்கு வரைபடம் போடும் நாளில் ஒரு நெசவாளரையும் அந்த மேசைக்குக் கூப்பிடுங்கள். குழியின் நீள அகலத்தை அவர் முழம் போட்டே காட்டுவார்.

இப்படிக்கு,
திருபுவனத்து நெசவாளர் ஒருவரின் மகள்