ஹெட் ஒபிஸ் கம்பியூட்டர்ல எங்க அம்மாவ தேடினேன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் கெம்பஸ்ல மனிதவள முகாமைத்துவம் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளை, ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எங்க பெட்ச்ல எல்லாரும் ஆறு மாசம் இன்டர்ன்ஷிப் போகணும், எனக்கு கெடைச்சது கொழும்புல ஒரு பெரிய தோட்டக் கொம்பனியோட ஹெட் ஒபிஸ், அதுல எச்ஆர் டிப்பார்ட்மென்ட். கொம்பனி பேர் சொல்லல, எங்க தோட்டமே அவங்களுக்கு கீழதான் இருக்கு. இப்ப அடுத்த பெட்ச் தம்பி தங்கச்சிமார் சிவிய தூக்கிட்டு ஓடுற நேரம், அவங்க வாசிச்சா நல்லம், கொம்பனிகள்ல இருக்க பெரியவங்க யாராவது ஒங்க பேப்பர் பார்த்தா அவங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும், அதுக்குத்தான் எழுதுறேன்.

போறதுக்கு முந்தி அப்பா கேட்டார், எச்ஆர்ன்னா என்னா வேலைம்மான்னு. ஆள் எடுக்கிறது, சம்பளம் லீவு பாக்கிறது, பிரச்சினை வந்தா விசாரிக்கிறதுன்னு சொன்னேன். "அட நம்ம கணக்கப்பிள்ளை பாக்கிற வேலதானே, அதுக்கா நாலு வருஷம் படிக்கிறே" ன்னார். நான் சிரிச்சேன், ஆனா பதில் ஒண்ணும் வரல.

செலக்ட்டுன்னு போன்ல சொல்லிட்டாங்க, லெட்டர் மட்டும் ரெஜிஸ்டர் தபால்ல. அது வரவே இல்ல. நமக்கு ஏது வீட்டு நம்பர், டிவிஷன் பேரும் தோட்டத்து பேரும்தானே அட்ரஸ். தோட்டத்து ஒபிஸ்ல ஒம்பது நாள் கெடந்து, கடைசில தப்பால்காரர் மலைக்கே போய் அம்மா கையில குடுத்திருக்கார், அம்மா அத கொழுந்து நனையுற மழையில மடியில சுத்தி கொண்டு வந்தாங்க. அத நான் ஒபிஸ்ல குடுத்தப்ப ஒரு மூலை காயவே இல்ல. பொறுப்பா இருந்த மெடம் நல்ல மனுஷி, ஒண்ணும் சொல்லல, பிறகு ஒரு நாள் டீ குடிக்கையில மெதுவா, நங்கி (சிங்களத்துல தங்கச்சி), அடுத்த வேலைக்கு சிவி போடும்போது போர்டிங் அட்ரஸ போடுங்கன்னாங்க. லெட்டர் தொலையாம இருக்கன்னுதான் சொன்னாங்கன்னு நெனைக்கிறேன். ஆனா சிவி கட்டு பிரிக்கிற வேலை ரெண்டு மாசம் நான்தான் செஞ்சேன், அட்ரஸ்ல தோட்டம்ன்னு இருக்கத பாத்ததும் "இவர் கொழும்புல தங்குவாரா" ன்னு ஒரு கேள்வி எழும்பும், கண்டியில இருந்து வர்றவருக்கு அந்த கேள்வி வராது. இதுல யாரையும் குத்தம் சொல்ல தெரியல எனக்கு.

மத்தபடி இன்டர்ன் வேலைன்னா என்னான்னு போனவங்களுக்கு தெரியும், போட்டோகொப்பி, பைல், இன்டர்வியூக்கு போன் பண்றது, மாசக் கடைசில ஈபிஎப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) போற சி போர்ம்ல நம்பர் சரியான்னு பாக்கிறது, பிறகு ஸ்டாப் ஒவ்வொருத்தருக்கும் பெர்த்டே வந்தா கேக் ஓடர் பண்றது. மாசம் 15000 அலவன்ஸ், வெள்ளவத்தையில மூணு பேர் தங்குற ரூமுக்கு எனக்கு மட்டும் 12000 போயிரும், மிச்சத்துல பஸ்ஸும் சோறும். காசில்லாத வீட்டு பிள்ளை இந்த மாதிரி இன்டர்ன்ஷிப் போறதே அப்பா அம்மா கடன் வாங்கித்தான், இத கெம்பஸ்ல யாரும் பேசுறதில்ல.

ரெண்டாவது மாசம் எச்ஆர் சிஸ்டத்துக்கு எனக்கு பாஸ்வேட் குடுத்தாங்க, ஆள் பேர அடிச்சா போட்டோ, சேர்ந்த தேதி, லீவு, ட்ரெய்னிங் எல்லாம் வரும். லஞ்ச் டைம்ல ஒரு ஆசையில எங்க அம்மாவோட பேர அடிச்சு பாத்தேன். ஒண்ணும் வரல. ஐடி நம்பர் போட்டேன், அதுலயும் இல்ல. இருபத்தி நாலு வருஷமா அந்த கொம்பனிக்கு கொழுந்து எடுக்கிற மனுஷி. பக்கத்து சீட் அக்காகிட்ட கேட்டேன், அவங்க ரொம்ப சாதாரணமா சொன்னாங்க, இதுல எக்ஸெகியூட்டிவும் ஸ்டாப்பும் மட்டும்தான், வேக்கர்ஸ் எல்லாம் செக்ரோல், அது எஸ்டேட் சைட்ன்னு. அவங்க சொன்னதுல பொய் இல்ல, தோட்டத்துக்கு தோட்டம் செக்ரோல்ன்னு தொழிலாளி பேரும் வேலை நாளும் எழுதுற கொப்பி இருக்கு, அதுல அம்மாவோட பேர் இருக்கு, அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்ட நாள் கூட இருக்கு. ஆனா ஹெட் ஒபிஸ் கதவுல "மனிதவளப் பிரிவு" ன்னு மூணு மொழியில போர்ட் போட்டு வச்சிருக்கே, அந்த மனிதவளத்துல ஆயிரக்கணக்குல மலையில நிக்கிறவங்க வரல. அன்னிக்கு பின்னேரம் நான் யாரோடயும் பேசல.

சட்டமும் அப்படித்தான் பிரிஞ்சு கெடக்கு. ஒபிஸ்ல இருக்கவங்களுக்கு 1954ம் வருஷத்து கடை, அலுவலக ஊழியர் சட்டம், வருஷத்துக்கு 14 நாள் எனுவல் 7 நாள் கெஷுவல். மலையில இருக்கவங்களுக்கு 1941ம் வருஷத்து சம்பளச் சபை சட்டம். 2021ல 1000 ரூபா, 2024ல 1350 ரூபான்னு நம்ம ஆளுங்க வருஷக்கணக்கா ரோட்ல நின்னு வாங்கின சம்பளம் இந்த சபை வழியாத்தான் வந்திச்சு. சம்பளத்தப் பத்தி ஒங்க பேப்பர்ல நெறைய பேர் எழுதிட்டாங்க, நான் அதுக்கு போகல. எனக்கு சொல்ல இருக்கது பேரப் பத்தி.

ஈபிஎப்ன்னா தொழிலாளி பங்கு 8 வீதம், கொம்பனி பங்கு 12 வீதம், ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், பரீட்சைக்கு பாடமாக்கினது. பொம்பளைங்க 50 வயசுல, ஆம்பளைங்க 55 வயசுல எடுக்கலாம். எடுக்க போறப்பதான் கதையே தொடங்கும். எங்க அம்மாயி வெள்ளக்கார கொம்பனி காலத்துல செக்ரோல்ல பேர் பதிஞ்சவங்க, 1975ல தோட்டத்த அரசாங்கம் எடுத்திச்சு, ஜனவசமன்னு அரசாங்கத்து தோட்ட சபை வந்திச்சு, 1992ல திரும்ப கொம்பனி கைக்கு போச்சு, அம்மாயி மட்டும் அதே மலையில அதே கூடையோட. அந்த காலத்துல பேர் பதியையில அம்மாயிகிட்ட பொறப்பு சேர்ட்டிபிகட்டும் இல்ல ஐடியும் இல்ல, கிளாக்கர் காதுல விழுந்ததத்தான் எழுதினார். ஐடி கெடைச்சதே 2003ல பிரஜாவுரிமை சட்டம் வந்ததுக்கு அப்புறம். அம்மாயியோட பேர் செல்லம்மா, இப்ப பாத்தா அது ஈபிஎப்ல இங்கிலிஷ் எஸ் எழுத்துல தொடங்குது, ஐடியில சிஎச்ல தொடங்குது, ஒண்ணுல பின்னால தாத்தா பேர், ஒண்ணுல அம்மாயியோட அப்பா பேர். ஒரே மனுஷி கடதாசில ரெண்டு பேர். ஜேபிகிட்ட (சமாதான நீதவான்) சத்தியக் கடதாசி, தோட்டத்து ஒபிஸ் கடிதம், மறுபடி சத்தியக் கடதாசின்னு ரெண்டு வருஷம். ஒவ்வொரு தடவ டவுனுக்கு போறப்பவும் அந்த நாள் பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போச்சு, கூட போன அம்மாவுக்கும் போச்சு.

இதெல்லாம் வீட்டு கதைன்னு நெனைச்சுட்டு இருந்தேன். அஞ்சாவது மாசம் ஒரு ட்ரெய்னிங்குக்காக எச்ஆர் டீமோட பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு போனோம், ட்ரெய்னிங் ஸ்டாப்புக்குத்தான், நான் புரொஜெக்டர் தூக்கிட்டு போனவ. சும்மா நிக்கையில ஒரு அம்மா வந்து, நீங்க தமிழா மிஸ்ன்னு கேட்டு, மடியில இருந்து பொலித்தீன்ல சுத்தின பி கார்ட, அதாவது ஈபிஎப் அங்கத்தவர் கார்ட, எடுத்து காட்டினாங்க. அவங்களுக்கு அடுத்த வருஷம் 50. கார்ட்ல ஒரு பேர், ஐடியில வேற. பிறகு இன்னொருத்தர், பிறகு இன்னொருத்தர், காலையில வேலைக்கு பேர் குடுக்கிற பெரட்டுக்களம் மாதிரி வரிசை. பெரிய கிளாக்கரும் பாவம், அலுமாரிய தொறந்து காட்டினார், பழைய செக்ரோல் கொப்பி எல்லாம் பூச்சி அரிச்சு, அத தமிழ்லயும் இங்கிலிஷ்லயும் பாத்து ஐடியோட ஒத்துப் பாக்க அவருக்கு ஆளும் இல்ல நேரமும் இல்ல. திரும்பி வர்ற வேன்ல மெடம்கிட்ட சொன்னேன், அவங்க உண்மையாவே அதிர்ச்சியாத்தான் கேட்டாங்க, ஆனா கடைசில வந்த பதில் தெரிஞ்சதுதான், அது எஸ்டேட் சைட் வேலை நங்கி.

இதுக்கு நடுவுல ஒண்ணு சொல்லணும், தொழிலாளர்களுக்கு போற சேர்க்கியூலர் ஒண்ண தமிழ்ல சரி பாக்க சொல்லி தந்தாங்க, கம்பியூட்டர் மொழிபெயர்ப்பு, கொழுந்து எடுக்கிறவங்கள "பறிப்பவர்கள்" ன்னு போட்டிருந்திச்சு, செயின் பறிக்கிறவங்க மாதிரி. திருத்தி குடுத்தேன். ஆறு மாசத்துல நான் செஞ்ச ஒரே உருப்படியான வேலை அதுதான்னு தோணுது.

நான் கேக்கிறது பெரிய காரியம் இல்ல ஐயா. வருஷா வருஷம் மலையகத்து பிள்ளைங்க எச்ஆர் படிச்சிட்டு இன்டர்ன்ஷிப் தேடி கொழும்புல அலையுறாங்க. அந்த ஆறு மாசத்துல ரெண்டு மாசத்த தோட்டத்து ஒபிஸ்ல போட விடுங்க. 45 வயசு தாண்டினவங்க பி கார்ட், ஐடி, செக்ரோல் மூணையும் வச்சு ஒத்துப் பாத்து, பிழை இருக்க பேர எல்லாம் ஒரு எக்செல் ஷீட்ல ஏத்தி, வேலைய விடுறதுக்கு முந்தியே திருத்த குடுக்கலாம். சேவைக்கால பணம் வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், 30 வருஷம் செஞ்சவங்களுக்கு 2024ல வந்த 1350 கணக்குல பாத்தாலே 567000 ரூபா, வேலைய விட்டு 30 நாளுக்குள்ள குடுக்கணும்ன்னு 1983ம் வருஷத்து சட்டம் சொல்லுது. அந்த காசும் ஈபிஎப்பும் ஒரு எழுத்துல தொங்குது. ஒரு லெப்டொப், தமிழ் வாசிக்க தெரிஞ்ச ஒரு பிள்ளை, அவ்வளவுதான் செலவு. போர்டிங் காசும் மிச்சம். கெம்பஸ்ல நான் கேட்டப்ப, தோட்டத்து ஒபிஸ் வேலை "கோர்ப்பரேட் எக்ஸ்பீரியன்ஸ்" ல சேராதுன்னாங்க. கேக் ஓடர் பண்றது சேருமாம்.

இன்டர்ன்ஷிப் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா எங்க லயத்து பன்னெண்டு காம்பராவுலயும் பி கார்ட கேட்டு வாங்கி பாத்தேன். பாதிக்கு மேல பிழை. அம்மாவோடது நெஸ்பிரே டின்னுக்குள்ள இருந்திச்சு, அவங்களுக்கு 50க்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு, பேர்ல ஒரு எழுத்து கூடுதலா இருக்கு, திருத்த குடுத்திருக்கோம்.

கடிதத்த போட்டீங்கன்னா என்னோட பேர மட்டும் போடாதீங்க ஐயா. அம்மா இன்னும் அந்த தோட்டத்துலதான் பேர் போடுறாங்க.

இப்படிக்கு,
ஒரு கெம்பஸ் மாணவி,
ஹட்டன் பக்கம்.