வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு என்னென்ன மாட்டலாம் என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். கூரை விளக்கு, முன்பக்க இரும்பு பம்பர், கேரியர், ஸ்டிக்கர் என்று எல்லாம் இருந்தது. வண்டிக்கு அடியில் இருப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் இருபத்திரண்டு வருடமாகக் குழிக்குள் நின்று வண்டிகளை அடியிலிருந்தே பார்த்துப் பழகிய மெக்கானிக். கரடுமுரடான பாதையில் போய்த் திரும்பிய வண்டிகள் எதற்காக என்னிடம் வருகின்றன என்று எனக்குத் தெரியும். கூரையில் விளக்கு இல்லாததால் இதுவரை ஒன்றுகூட வந்ததில்லை.

போன மாதம் ஒரு தம்பி வண்டியைக் கட்டி இழுத்து வந்தார். பாறையிலிருந்து இறங்கும்போது, எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான ஆயில் சேம்பர் அடிபட்டு விரிசல் விட்டிருந்தது. அடியில் மூடி இருந்ததே என்றார். அந்த மூடி பிளாஸ்டிக். சேறு தெறிக்காமல் இருக்கப் போட்டது, கல்லைத் தாங்க அல்ல. விரிசல் என் சுண்டுவிரல் நீளம்தான். அதோடு நின்றிருந்தால் சேம்பரை மாற்றி, புது ஆயில் ஊற்றி மறுநாளே அனுப்பியிருப்பேன். ஆனால் சிவப்பாக ஆயில் விளக்கு எரிந்த பிறகும், சமதளத்துக்குப் போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஓட்டியிருக்கிறார். பிரித்துப் பார்த்தால் எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்கோடு பேரிங் ஒட்டிக் கிடந்தது. பலர் அந்த விளக்கை ஆயில் குறைகிறது என்கிற நினைவூட்டலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆயிலின் அழுத்தமே போய்விட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். எரிந்ததும் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்துவிட வேண்டும். வண்டி சாய்ந்து நிற்கிறதே, அழகாக இல்லையே என்றெல்லாம் பார்க்கக் கூடாது.

அதனால் முதலில் வாங்க வேண்டியது ஸ்கிட் பிளேட், அதாவது வண்டியின் அடிப்பக்கத்தைக் கல்லிலிருந்து காக்கும் கனத்த தகடு. இரும்பு என்றால் 4 மி.மீ., அலுமினியம் என்றால் 6 மி.மீ. இருக்கட்டும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில்தான் போல்ட் போட வேண்டும். தகட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். ஒட்டி நின்றால் கல் தகட்டில் அடிக்கும் அடி அப்படியே சேம்பருக்குப் போய்ச் சேரும். ஆயில் இறக்கும் நட்டுக்கு நேராக ஒரு ஓட்டை வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சர்வீசுக்கும் முழுத் தகட்டையும் கழற்றியாக வேண்டும். போல்ட் தலை வெளியே துருத்தக் கூடாது. ஒரே ஒரு பாறை அதை வழித்துவிட்டால் அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. நான் வெல்டிங் வைத்துத்தான் கழற்ற வேண்டியிருக்கும். இன்னொன்று, காய்ந்த புல் தகட்டுக்கு மேல் போய் அடைந்துகொள்ளும். சைலன்சர் குழாய் சூட்டில் அது பற்றிக்கொண்ட வண்டிகள் உண்டு. புல்வெளி வழியாகப் போனால் நடுநடுவே இறங்கிக் கையை விட்டுப் பாருங்கள், சூடு ஆறிய பிறகு.

பக்கவாட்டில் இருக்கும் ஃபுட்போர்டும் அப்படித்தான். கால் வைத்து ஏறத்தான் அது. வண்டியின் எடையைத் தாங்காது. பாறையில் உட்கார்ந்தால் மடங்கி, கதவுக்குக் கீழ்த் தகட்டையும் சேர்த்து நசுக்கும். அதைக் கழற்றிவிட்டு, சேஸிஸோடு பிணைத்த, ராக் ஸ்லைடர் என்கிற கனமான இரும்புக் குழாய் போடுங்கள்.

மாட்டுவதெல்லாம் இவ்வளவுதான், மிச்சம் ஓட்டுகிறவர் கையில். பாதையில் கல் கிடந்தால் அதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடுவது தார்ச்சாலைப் பழக்கம். இங்கே அது ஆபத்து, ஏனென்றால் இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் திடமான ஆக்சில் உள்ள வண்டியில் தரைக்கு மிக அருகே தொங்குவது, சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரங்கள் உள்ள டிஃப்ரன்ஷியல் உருண்டை. டயரைக் கல்லின் மேலேயே ஏற்றுங்கள், உருண்டையும் கூடவே உயரும். வேகம் குறைந்து இழுவை கூடும் லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் போனால் போதும். கட்டைவிரலை ஸ்டீயரிங் கம்பிக்கு உள்ளே வைக்காதீர்கள். சக்கரம் கல்லில் இடித்தால் ஸ்டீயரிங் சட்டென்று திரும்பி விரலை முறித்துவிடும்.

32 பி.எஸ்.ஐ. காற்றோடு கற்பாதையில் ஓட்டுவதும் வண்டியை உலுக்கும். 22 அளவுக்கு இறக்கினால் டயர் கல்லின்மேல் படிந்து போகும், சஸ்பென்ஷனுக்கும் அடி குறையும். மணலில் இன்னும் இறக்கலாம். ஆனால் குறைந்த காற்றில் வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்ப ஏற்றிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஓடையைக் கடக்கும்போது எஞ்சின் நின்றது. அவசரத்தில் மறுபடி சாவியைத் திருகினேன். டக் என்று ஒரே சத்தம். காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது; சிலிண்டருக்குள் அது நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். அந்த வளைந்த ராடு இன்னும் என் டூல்ஸ் பெட்டியில் கிடக்கிறது, கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன். தண்ணீரில் நின்றுபோனால் ஸ்டார்ட் செய்யாமல் வெளியே இழுத்து, ஸ்பார்க் பிளக்கை, டீசல் என்றால் இன்ஜெக்டரைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் எஞ்சினைச் சுற்ற வேண்டும். ஆழத்தை வண்டியை விட்டு அளக்காதீர்கள், நடந்துபோய்ப் பாருங்கள். நடக்க முடியாத இழுப்பு என்றால் வண்டியும் போகக் கூடாது. வண்டிக்கு வண்டி எல்லை வேறு. ஏர் சஸ்பென்ஷன் உள்ள புது லேண்ட் ரோவர் டிஃபண்டருக்கு 900 மி.மீ. ஆழம் என்கிறார்கள் என்பதற்காக உங்கள் வண்டியும் அவ்வளவு தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள், கையேட்டைப் பாருங்கள்.

ஓடையைத் தாண்டிவிட்டாலும் கதை முடிவதில்லை. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் ப்ரீதர் குழாயை எஞ்சின் அறை உயரத்துக்கு நீட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஊர் திரும்பியதும் டிஃப்ரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் முழுவதும் மாற்ற வேண்டும்.

சிக்கிய வண்டியை, பின்னால் டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையான டோ பாலில் கட்டி இழுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பலமாக இழுக்கும்போது அந்த உருண்டை உடைந்தால் குண்டுபோலப் பறக்கும். சேஸிஸில் உள்ள கொக்கியில் மட்டும் கட்டுங்கள், சுற்றி நிற்பவர்களைத் தூரமாக அனுப்பிவிட்டு.

திரும்பி வந்ததும் மேல்பக்கம் பளபளக்கக் கழுவுகிறார்கள், அடியில் சேறு அப்படியே காய்கிறது. ரிம்முக்கு உள்ளே ஒட்டிய சேறு காய்ந்தால் வேகத்தில் வண்டி உதறும். வீல் பேலன்ஸ் போய்விட்டது என்று என்னிடம் ஓட்டி வருவார்கள், நான் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி அனுப்புவேன். ஆக்சிலின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும். அதை விட்டுவிட்டால் கிரீஸ் வெளியே போய் மண் உள்ளே போகும், ஜாயின்ட்டே தேய்ந்துவிடும்.

அடுத்த முறை இந்த மாதிரிக் கட்டுரை வரும்போது வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியிலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், ஐயா. முன்பக்கப் படத்தைவிடச் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன், ஒரு மெக்கானிக்