பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி

டெல்லி கோட்லா சாலையில் இருக்கும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நீங்கள் கொடுத்த 14 இலக்கப் பதிவு எண், என் கல்லாவுக்கு மேலே முருகன் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அந்த உரிமையில், பாக்கெட்டில் நீங்கள் போடச் சொல்லும் எழுத்தைப் பற்றி எழுதுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஊரில் 28 வருஷமாக மளிகைக்கடை வைத்திருக்கிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய் போக, வாசலில் சரம் சரமாகத் தொங்கும் அஞ்சு ரூபாய் பாக்கெட்டுகளும் என் வியாபாரம்தான். எனவே இது உத்தமன் ஒருவன் எழுதும் மடல் இல்லை.

தினமும் குறைந்தது ரெண்டு பேர் கேட்பார்கள்: "அண்ணாச்சி, சுகருக்கு எந்தப் பிஸ்கட் நல்லது?" முன்பெல்லாம் யோசிக்காமல் 'சர்க்கரை இல்லை' என்று பெரிதாகப் போட்ட பாக்கெட்டை எடுத்து நீட்டிவிடுவேன். விலையும் கூட, லாபமும் கூட.

எனக்கு ஆறாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த சார் ஒருவர், ஓய்வு பெற்றபின் அந்த பிஸ்கட்டைத்தான் வாங்கிப் போய்க்கொண்டிருந்தார். காலையில் பாதிப் பாக்கெட், சாயங்காலம் மீதி. மூன்று மாதம் கழித்து ரத்தம் சோதித்தால் சர்க்கரை முன்னைவிட ஏறியிருக்கிறது. மாத்திரையைக் கூட்டிய டாக்டர், என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். நேரே கடைக்கு வந்தார் சார். சத்தம் போடவில்லை. பாக்கெட்டை என் முன்னால் வைத்து, "ஏலே, இதுல என்ன எழுதிருக்குன்னு வாசி" என்றார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்ற மாதிரியே இருந்தது.

எடைத்தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பூதக்கண்ணாடியை வைத்துத்தான் வாசித்தேன். முதல் பொருள் மைதா. அடுத்து பாமாயில். அப்புறம் மால்டிடால் என்ற இனிப்பூட்டி, மால்டோடெக்ஸ்ட்ரின். 100 கிராமில் மாவுச்சத்து மட்டும் 70 கிராமுக்குப் பக்கம்.

பாக்கெட்டில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் 2018ஆம் வருஷத்து விதிப்படி 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லை என்றால் 'சுகர் ஃப்ரீ' என்று போட்டுக்கொள்ளலாம். உள்ளே போன மைதா குளுக்கோஸாக மாறுவதைப் பற்றி அந்த விதிக்குக் கவலை இல்லை. மால்டோடெக்ஸ்ட்ரினும் மாவிலிருந்து எடுக்கும் பொடிதான். பாக்கெட்டில் சர்க்கரைக் கணக்கில் பெரும்பாலும் சேராது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் சீனியையே முந்தும். விதிக்குக் கட்டுப்பட்ட பிஸ்கட், விதிக்குக் கட்டுப்பட்ட கடைக்காரன். நடுவில் சாருடைய சர்க்கரை ஏறிவிட்டது.

அன்றிலிருந்து பாக்கெட்டுகளை வாசிக்கிறேன். மதியம் ரெண்டு மணிக்கு மேல் கடையில் ஆள் இருக்காது, அதுதான் எனக்கு வாசிக்கும் நேரம். ஒரு வருஷமாக வாசித்ததில், உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் சேர்ந்துவிட்டது.

முதலில் மொழி. உங்கள் 2020 லேபிள் விதி, ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது. தமிழில் போட விரும்புகிற கம்பெனி கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். விளம்பரத்தில் எங்கள் அம்மாக்களிடம் கொஞ்சு தமிழ் பேசுகிற கம்பெனிகள், சர்க்கரை எத்தனை கிராம் என்று சொல்லும் இடத்தில் மட்டும் தமிழை மறந்துவிடுகின்றன.

அடுத்தது அந்தச் சதவீதம். 'சேர்த்த சர்க்கரை, ஒரு நாள் தேவையில் இத்தனை சதவீதம்' என்று பின்பக்கம் போட்டிருக்கும். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் பெரிய ஆளுக்கு 50 கிராம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. என் கடைக்கு அஞ்சு ரூபாயோடு வருகிற ஆள் இரண்டாம் வகுப்பு. அதோடு அந்த 50 கிராம் யாருக்கும் 'தேவை' இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, அது மேல் வரம்பு என்பதுதான். அதில் பாதியாக, 25 கிராமுக்குள், ஐந்தாறு டீஸ்பூனுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் சேர்த்தே சொன்னது. கால் லிட்டர் கோலா ஒன்றே அந்த 25 கிராமைத் தொட்டுவிடும். 'ஒரு முறை பரிமாறும் அளவு: 2 பிஸ்கட்' என்று வேறு எழுதியிருப்பார்கள். பாக்கெட்டைப் பிரித்து ரெண்டோடு மடித்து வைத்த பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

சீனிக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டிகள் விஷயத்தில் உங்கள்மேல் எனக்கு வருத்தம் குறைவு, குழப்பம்தான் அதிகம். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், உடம்பு இளைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்றது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே இருந்தது. அந்த வரி எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேரவில்லை. ஜூலையில் ஆஸ்பர்டேம் என்ற இனிப்பூட்டி புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம் என்று ஒரு குழு சொல்ல, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று இன்னொரு குழு அதே நேரத்தில் சொன்னது. பேப்பரில் தலைப்பை மட்டும் வாசித்தவர்கள் டீயில் போடும் இனிப்பு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சீனிக்குத் திரும்பினார்கள். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 179 நோயாளிகளை வைத்து, டீ காபியில் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டி கொடுத்து 12 வாரம் பார்த்தது. எடையும் இடுப்புச் சுற்றளவும் கொஞ்சம் குறைந்தன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவில் மாற்றம் இல்லை. சரி, டம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்வதில் பெரிய மோசம் இல்லை. அதே பொருள் மைதாவும் பாமாயிலும் சேர்ந்த பிஸ்கட்டுக்குள் வரும்போது கதையே வேறு. ரெண்டுக்கும் ஒரே பெயர், 'சுகர் ஃப்ரீ'. அங்கேதான் சிக்கல்.

இதில் எங்கள் ஆட்களையும் சொல்ல வேண்டும். 'நாட்டுச்சர்க்கரை டீ', 'கருப்பட்டி காபி' என்று போர்டு வைத்தால் சர்க்கரை நோயாளியும் தைரியமாக ரெண்டு டம்ளர் குடிக்கிறார். கருப்பட்டி எங்கள் பக்கத்துப் பெருமை, நானே விற்கிறேன், ருசிக்கு ஈடில்லை. ஆனால் அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் இருக்கும் அதே சர்க்கரை. கணையத்துக்குக் கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடியும் தெரியாது, சர்க்கரை ஆலையும் தெரியாது.

கொழுப்பு விஷயத்தில் உங்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பேக்கரிக்காரர்களுக்கு டின் டின்னாக வனஸ்பதி விற்றவன் நான். அதில் இருந்த ட்ரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. எண்ணெயிலும் வனஸ்பதியிலும் அதன் வரம்பை முதலில் 10 சதவீதம், பிறகு 5, 2021 ஜனவரியில் 3, 2022 ஜனவரியில் 2 என்று படிப்படியாக இறக்கினீர்கள். பப்ஸின் மொறுமொறுப்புப் போய்விடும், பேக்கரிகள் மூடிவிடும் என்றெல்லாம் பேசினார்கள். ஒன்றும் மூடவில்லை. (அந்த இடத்துக்குப் பாமாயில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதில் ஏறக்குறையப் பாதி நிறைகொழுப்பு, அதுவும் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் வகைதான். ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பதும் அந்தப் பாமாயில்தான். அதை நீங்கள் ஒருவர் மட்டும் சரிசெய்ய முடியாது என்று தெரியும்.) 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவன அளவுப்படி இல்லாத இனிப்புப் பானங்கள் தங்கள் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல்) என்று போடக்கூடாது என்றீர்கள். ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் பல வருஷம் போராடிய பிறகு வந்த உத்தரவு அது. தாமதம்தான், ஆனாலும் வந்தது. நீங்கள் நினைத்தால் செய்கிறீர்கள் என்பது இதிலெல்லாம் தெரிகிறது.

பாக்கெட்டின் முன்பக்கம் என்ன போடுவது என்பதில் மட்டும் ஏன் இத்தனை இழுபறி? 2022 செப்டம்பரில் நட்சத்திரம் போடலாம் என்று வரைவு வெளியிட்டீர்கள், அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் நிபுணர் குழு பரிந்துரை தர வேண்டும் என்றது. மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி அவகாசம்.

அந்த நட்சத்திரம் வேண்டாம். சர்க்கரைக்கும் உப்புக்கும் நிறைகொழுப்புக்கும் கெட்ட மதிப்பெண் போட்டுவிட்டு, நார்ச்சத்து, புரதம், பருப்பு, பழம் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்பது அந்தக் கணக்கு. சீனி மூட்டையில் ஒரு கைப்பிடி தவிட்டைக் கலந்து நல்ல பெயர் வாங்க வழி செய்கிற கணக்கு என்று என் புத்திக்குப் படுகிறது. எங்கள் ஊரில் நட்சத்திரம் என்றால் நல்லது, ஓட்டலுக்குப் போடுவது. ஒன்றரை நட்சத்திரம் போட்ட பாக்கெட்டை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அரசாங்கமே ஒன்றரை நட்சத்திரம் கொடுத்திருக்கிறது என்பார்கள்.

சிலி நாட்டில் 2016இல் எண்கோணக் கறுப்பு முத்திரை கொண்டுவந்தார்கள். 'சர்க்கரை அதிகம்', 'நிறைகொழுப்பு அதிகம்' என்கிற மாதிரி ஒரு வரி, அவ்வளவுதான். முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளிக்கூடத்தில் விற்க முடியாது. மெக்சிகோ 2020இல் அதையே எடுத்துக்கொண்டு, இனிப்பூட்டி இருந்தால் 'குழந்தைகளுக்கு உகந்ததல்ல' என்று முன்பக்கமே போடச் சொன்னது. நம் நாட்டிலும் அந்த வாசகம் பல பாக்கெட்டுகளில் உண்டு, பின்பக்கம், என் பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரிகிற அளவில். சிங்கப்பூரில் 2022 கடைசியிலிருந்து பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் போடுகிறார்கள், டிதான் மோசம். அங்கே வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்த எதிர்வீட்டுப் பையன், என் ஃபிரிட்ஜைப் பார்த்து "இதுல பாதி டி அண்ணாச்சி" என்று சிரித்தான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கார்த்திகை பிறந்ததும் என் கடைக்கு வந்து பாருங்கள். மாலை போட்ட சாமிமார்கள் கேக்கோ பிஸ்கட்டோ வாங்கினால் முதல் வேலையாகப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைத் தேடுவார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத ஆச்சியும் வெள்ளிக்கிழமை அதைத்தான் தேடுவாள். பச்சை என்றால் சைவம், பழுப்பு என்றால் அசைவம். உங்கள் ஆணையம் பிறக்கும் முன்பே, 2001இல் வந்த புள்ளி அது. யாரும் வகுப்பு எடுக்கவில்லை. மொழி தேவைப்படவில்லை, சதவீதம் தேவைப்படவில்லை, பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. அந்தப் புள்ளியை நம்பித்தான் இந்த நாடு இருபது வருஷத்துக்கு மேலாகப் பாக்கெட் பிரிக்கிறது. முட்டை இருக்கிறதா என்று ஆச்சிக்குத் தெரிவிக்க முடிந்த உங்களால், 100 கிராமில் 30 கிராம் சீனி இருக்கிறது என்று ஏன் அதே மாதிரி தெரிவிக்க முடியாது? பச்சைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். சீனிக்கு ஒன்று, நிறைகொழுப்புக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று. எந்த அளவுக்கு மேல் போனால் புள்ளி என்பதை மருத்துவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், கம்பெனிக்காரர்களைக் கடைசியில் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் முத்திரை எல்லாப் பாக்கெட்டிலும் இருக்கிறது. அதைப் பார்த்து "கவர்மெண்டே நல்லதுன்னு போட்டிருக்கு" என்று வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அது உரிமத்தின் அடையாளம், சத்துக்கான சான்று இல்லை என்று எத்தனை பேரிடம் நான் சொல்வது? கறுப்புப் புள்ளி வந்தால் அந்த வேலையும் எனக்கு மிச்சம்.

வியாபாரம் படுத்துவிடாதா என்று என் மகன் கேட்டான். கொஞ்சம் படுக்கும். 2025 செப்டம்பரில் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதமாக இறங்கியபோது ஏறிய விற்பனை திரும்ப இறங்கும், அவ்வளவுதான். (கோலாவுக்கு 40, கிரீம் பிஸ்கட்டுக்கு 5. இதைப் பற்றி நிதியமைச்சகத்துக்குத் தனி மடல் எழுத வேண்டும்.) கடலை மிட்டாயும் பொரிகடலையும் இதைவிடக் குறைந்த லாபத்தில் விற்று வளர்ந்த கடைதான் இது.

கடைசியாக ஒரு கடைக்காரன் கோரிக்கை. விதி போடும் அன்றே, பழைய பாக்கெட்டுகளை எத்தனை மாதத்துக்குள் விற்று முடிக்க வேண்டும், மீதியைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்பதையும் அதிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். போன தடவை ஏதோ லேபிள் மாறியது என்று வந்த ஒரு கம்பெனியின் லைன் சேல்ஸ்மேன், எனக்குப் பதினோரு அட்டைப்பெட்டியை மிச்சம் வைத்துவிட்டுப் போனார். அதில் நாலு இன்னும் பரணில் இருக்கிறது.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் பக்கத்து மளிகைக்கடைக்காரன்