பவர் கேட்டு வரும் தம்பிக்கு முதலில் பிரேக்கைப் பாருங்கள்

சேலத்து கார் பட்டறை, ஆக்சஸரீஸ் கடை அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

செகண்ட் ஹேண்டில் ஸ்விஃப்ட் வாங்கிய கையோடு உங்கள் கடை வாசலில் வந்து நிற்கும் பையன்களைப் பற்றித்தான் இந்த மடல். கையில் இருபதாயிரம், மிஞ்சிப்போனால் முப்பது. "அண்ணே, வண்டி பறக்கணும். ஞாயித்துக்கிழமை ஏற்காடு போறோம்" என்பான். நீங்களும் கூம்பு ஏர் ஃபில்டரையும் அலறும் சைலன்சரையும் எடுத்து மேசையில் வைப்பீர்கள்.

2018 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்கு 1197 சிசி, 83 குதிரைத்திறன், டர்போ கிடையாது. சேலம் 300 மீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஏற ஏறக் காற்று மெலிவதால் மேலே போய்ச் சேரும்போது பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தானாகவே போயிருக்கும். நீங்கள் மாட்டிவிடும் ஃபில்டர் அதில் பாதியைக்கூட மீட்காது. பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் கூம்பு ஃபில்டர் சித்திரை வெயிலில் எஞ்சின் சூட்டையே திரும்ப உறிஞ்சும். ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது, செய்தால் பழைய டர்போ டீசலில் வித்தியாசம் நிஜமாகவே தெரியும், கிளட்ச் தாங்கும்வரை. இந்த பெட்ரோலில் சத்தம்தான் மிச்சம்.

ஏறுவதாவது பரவாயில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் திரும்பி வரும்போதும் உண்டு. நாலு பேர், டிக்கி நிறைய சாமான், பையன் மூன்றாம் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறான். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. புது டாட் 4 ஆயில் 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு 155 டிகிரிதான் உத்தரவாதம். அதைத் தாண்டினால் குமிழி உண்டாகும், பெடல் அழுத்தமில்லாமல் உள்ளே போகும். அந்த ஆயிலை மாற்ற எத்தனை ரூபாய் ஆகும், நீங்களே சொல்லுங்கள். டப்பா மூடியைத் திறந்து, கட்டங்காப்பி நிறத்தில் கிடப்பதை அவன் கண்ணில் காட்டினாலே போதும், தம்பி பேசாமல் ஒத்துக்கொள்வான். கூடவே நல்ல முன்பக்க பிரேக் பேட். இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லும் புத்திமதிக்குக் காசே வேண்டாம்.

மிச்சப் பணம் டயருக்கு. பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்: 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகியிருந்தால் மழைக்கால வளைவில் பிடிக்காது. பெரிதாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 165/80 ஆர்14-க்குப் பதில் 185/65 ஆர்15 போடுங்கள். மொத்த விட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர்தான் கூடும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. மேல் வேரியண்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு அது. வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு போவதை அவன் உணர்வது அன்றைக்குத்தான்.

ஸ்பிரிங்கை கிரைண்டரில் அறுத்துத் தாழ்த்திக் கொடுப்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

சட்டத்தையும் மறைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை மீறி வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறைக்கும் இடம் உண்டு. அடிவாரத்தில் மறித்தால் மாட்டுவது வண்டிக்காரன். மாட்டிவிட்ட கடைக்காரர் அங்கே இருக்கமாட்டார்.

வியாபாரத்தைக் கெடுக்க வரவில்லை அண்ணே. பேட், ஆயில், டயர், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 'மலை பேக்கேஜ்' என்று ஒரு போர்டு வையுங்கள், கூலியைத் தாராளமாகப் போடுங்கள். அதைச் செய்துவிட்டு வந்தால்தான் சைலன்சர் பேச்சு என்று சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு ஸ்விஃப்ட்காரன்