ஹில் சார்ஜ் 1,500 ரூபாய்: வேன் நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
சாஃப்ட்பால் ஆடும் ஒரு பெண்ணின் அம்மா,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வேன் வாடகை நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: மே மாதப் பயணத்தில் ரயிலைத் தவறவிட்டது, பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

கடந்த மே மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயம்புத்தூர் ரயில் நிலையத்துக்கு உங்களிடம் 12 சீட் வேன் எடுத்திருந்தோம். நாங்கள் மூன்று குடும்பம், 11 பேர். எங்கள் பிள்ளைகள் மூவர் ஆந்திராவில் நடந்த சப் ஜூனியர் நேஷனல்ஸ் சாஃப்ட்பால் போட்டிக்கு மாநில அணியில் தேர்வாகியிருந்தார்கள். அணி கோச்சோடு முன்பே போய்விட்டது. பின்னால் போய், கேலரியில் உட்கார்ந்து கத்திவிட்டு வரலாம் என்று கிளம்பியவர்கள் நாங்கள். ரயில் மாலை 7.05க்கு. உங்கள் வேன் எங்களை ஸ்டேஷன் வாசலில் இறக்கியது 7.40க்கு.

இதற்கு நான் அனுப்பிய முதல் புகாருக்கு மூன்று வரியில் பதில் போட்டிருந்தீர்கள். "போக்குவரத்து நெரிசலுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. உங்கள் கிரிக்கெட் போட்டியைக் காண முடியாமல் போனதற்கு வருந்துகிறோம். அடுத்த பயணத்துக்கு 500 ரூபாய் கூப்பன் இணைத்துள்ளோம்." மூன்று வரியிலும் தப்பு இருப்பதால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

முதலில் நெரிசல். அன்றைக்கு நெரிசல் இருந்தது உண்மைதான், ஊட்டியில் மலர்க் கண்காட்சி வாரம். ஆனால் நாங்கள் ரயிலை விட்டது அதனால் இல்லை. புக் செய்தபோதே உங்கள் ஆளிடம் போனில் சொன்னேன்: "சீசன்ல ஒன்வே தம்பி. மேலே ஏறுற வண்டி பர்லியார், குன்னூர் வழியா வரும். இறங்குறது கோத்தகிரி வழியாத்தான். ஒன்றரை மணிக்கே வண்டி இங்க நிக்கணும்." அவர் சிரித்துக்கொண்டே, "மேடம், எங்க வண்டி தினமும் மலை ஏறி இறங்குது, ரெண்டு மணிக்கு வந்தாலே போதும்" என்றார். கோடை சீசனில் இந்த ஒருவழிப் பாதை எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பர்லியார் வழியில் மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 34 கிலோமீட்டர். கோத்தகிரி சுற்றிப் போனால் இன்னொரு 20 கிலோமீட்டர் கூடும், அதுவும் வளைவும் ஏற்றமுமாக. உங்கள் ஆபீஸில் உட்கார்ந்து மேப்பைப் பார்த்து இரண்டரை மணி நேரம் என்று கணக்குப் போட்டவர், எந்த வழி என்று கேட்கவே இல்லை.

அப்புறம் இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டி வர இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. எங்கள் ஊர்ப் பதிவெண், அதாவது TN 43, போட்ட வண்டிக்கு இது தேவையில்லை. உங்கள் வேன் கோவைப் பதிவு. இ-பாஸுக்குக் காசும் கிடையாது, முந்தின நாள் ராத்திரி போனிலேயே எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை. கல்லாறு செக்போஸ்டில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். டிரைவர் அங்கே நின்று, சிக்னல் வந்து வந்து போகிற போனில் விண்ணப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில், நாங்கள் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தோம். உங்கள் ஆபீஸுக்கு நான்கு தடவை போன் செய்தேன். நான்கு தடவையும் "பத்து நிமிஷத்துல வந்துரும்". இரண்டாவது தடவையே உண்மையைச் சொல்லியிருந்தால், கண் முன்னாலேயே கோயம்புத்தூர் பஸ் நின்றது, ஏறியிருப்போம்.

வேன் வந்தது 3.20க்கு. வந்த வேன் நேராகப் பர்லியார் பக்கம் திரும்பியது. "தம்பி, இந்த வழியா விடமாட்டாங்க" என்று பின்னால் இருந்து ஆறு பேர் கத்தினோம். "ஆபீஸ்ல இதான்க்கா போட்டுக் குடுத்திருக்காங்க" என்று மேப்பைக் காட்டினார். கொஞ்ச தூரம் இறங்கியதுமே போலீஸ்காரர் கையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடி குன்னூருக்குள் வந்து, சீசன் கூட்டத்தில் ஊர்ந்து, கோத்தகிரி ரோட்டைப் பிடிக்கும்போது மணி 4.10.

டிரைவர் மேல் எனக்குப் புகார் இல்லை, அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். அந்தத் தம்பி காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று கோத்தகிரியில்தான் தெரிந்தது. வர்க்கியும் டீயும் வாங்கிக் கொடுத்தோம். குஞ்சப்பனை வளைவுகளில் என் அத்தைக்கு வாந்தி வந்தபோது, அவசரத்திலும் வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்றியவர் அவர்தான். அவரிடம் அபராதம் பிடித்திருந்தால் அதையும் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்து "கிரிக்கெட்". ஐயா, அது சாஃப்ட்பால். பேர்தான் சாஃப்ட், 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து நெஞ்சில் பட்டால் தெரியும். ஒரு பக்கம் ஒன்பது பேர், ஏழு இன்னிங்ஸ். பந்தை இடுப்புக்குக் கீழிருந்து எறிவார்கள். ரன் எடுக்க ஓடித் தொடவேண்டிய முனைகளுக்குப் பேஸ் என்று பெயர், பேஸுக்கு பேஸ் 60 அடி. என் மகள் ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவள், இடது கைக்காரி. இடது கையால் எறிகிறவர்கள் கிளவுஸை வலது கையில் மாட்டுவார்கள். அந்தக் கிளவுஸ் கடையில் எளிதில் கிடைக்காது, பக்கத்துப் பிள்ளையிடம் இரவல் வாங்கவும் முடியாது. மற்ற பிள்ளைகள் எல்லாருடையதும் இடது கைக்கானது.

அவள் கிளவுஸ் என் பையில் இருந்தது. அணி கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வலைபோல் பின்னியிருக்கும் தோல் வார் அறுந்துவிட்டது. குன்னூர் மார்க்கெட்டில் செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவர், பழைய ஹேண்ட்பேக்கின் தோலைக் கீறி வாராக்கி, ஊசியால் ஒவ்வொரு கண்ணிலும் நுழைத்துப் பின்னிக் கொடுத்தார். அது தயாரானது வியாழக்கிழமை. "நீ போ, அம்மா சனிக்கிழமை மத்தியானம் கொண்டுவந்து தருவேன், ஞாயிற்றுக்கிழமை காலை மேட்சுக்கு ஆச்சு" என்று சொல்லித்தான் அவளை அனுப்பினேன்.

ரயில் போன பிறகு, அடுத்த நாள் ராத்திரிதான் அந்தப் பக்கம் வேறு ரயில் என்றார்கள். ஒன்பது பேர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். திரும்பியவர்களில் ஒரு அம்மா எஸ்டேட்டில் இலை பறிப்பவர். மே மாதம் இலை நன்றாக வரும் நேரம், கூலியை விட்டுவிட்டு வந்தவர். மகன் ஆடுவதை அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை, இந்தத் தடவையும் பார்க்கவில்லை. நானும் என் தம்பியும் சனிக்கிழமை ராத்திரி ஜெனரல் பெட்டியில் ஏறி, கழிவறைப் பக்கம் பையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து போனோம். மைதானம் போய்ச் சேர்ந்தபோது ஞாயிறு மதியம். வெயிலுக்குப் பயந்து காலையிலேயே முதல் மேட்சை முடித்துவிட்டார்கள். என் மகள் பெஞ்சில் இருந்திருக்கிறாள். எங்கள் அணி ஒரே ஒரு ரன்னில் தோற்றது. அந்தத் தோல்விக்கு உங்களைக் குற்றம் சொல்லமாட்டேன், அவள் ஆடியிருந்தாலும் தோற்றிருக்கலாம். அவள் பெஞ்சில் உட்கார்ந்ததற்குத்தான் சொல்கிறேன்.

நான் தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவள். பில்லை வரி வரியாகப் படிப்பது பழக்கம். உங்கள் பில் மொத்தம் 11,500 ரூபாய். அதில் "ஹில் சார்ஜ்" என்று 1,500 ரூபாய் தனியாக இருக்கிறது. மலைக்கென்று தனியாகக் காசு வாங்குகிறீர்கள் என்றால் மலை ரோட்டின் நேரமும் வழியும் செக்போஸ்டும் தெரிந்து வண்டி அனுப்புவதற்குத்தானே? ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியார் ரோட்டில் மண் சரிந்து வண்டி நின்றிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன், அது யார் கையிலும் இல்லை. ஒருவழிப் பாதையும் இ-பாஸும் ஊருக்கே அறிவித்துவிட்டுச் செய்வது. அதை நெரிசல் என்ற பெயரில் மலை மேல் தூக்கிப் போடாதீர்கள்.

நான் கேட்பது: வேன் வாடகை 11,500 ரூபாய். பயன்படாமல் போன ஸ்லீப்பர் டிக்கெட் 11க்கு 5,280 ரூபாய் (ரயில் கிளம்பிய பிறகு கன்ஃபர்ம் டிக்கெட்டுக்குப் பைசா திரும்பவில்லை). லாட்ஜ்காரர் திருப்பித் தராத அட்வான்ஸ் 3,000 ரூபாய். ஆக 19,780 ரூபாய். இலை பறிக்கும் அம்மாவின் கூலிக்கும் ஜெனரல் பெட்டி ராத்திரிக்கும் என்னிடம் பில் இல்லை, அதனால் சேர்க்கவில்லை. பில், டிக்கெட், நான்கு போன் அழைப்பின் நேரம், எல்லாவற்றின் நகலும் இத்துடன் இருக்கிறது.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதற்கு இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. விசாரணைக்கு நீங்கள்தான் மலை ஏறி வரவேண்டும். சீசனாக இருந்தால் பர்லியார் வழியாக வாருங்கள், இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே பணத்தை அனுப்பினால் போதும். கூப்பனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குன்னூர்.