ஆமென் சொன்ன கையோடு கிளம்பிவிடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு ஸ்தோத்திரம்.

சனிக்கிழமை தவறாமல் ஓய்வுநாள் பள்ளிக்கு வந்துவிடுகிறாய். ஆராதனை முழுக்க இருக்கிறாய். முடிவு ஜெபம் முடிந்து நாங்கள் பாய் விரித்து இலை போடும்போது மட்டும் உன்னைக் காணோம். விடுதியில் இருக்கிறவன், கொண்டுவர ஒன்றுமில்லையே என்று கூச்சப்படுவதாகக் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கைக்கொள்கிற நமக்கு வெள்ளிக்கிழமை ஆயத்த நாள். அன்று பொழுது சாய்ந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்குள் சமையல் முடிய வேண்டும், அது மறுநாள் மதியம்வரை கெடாமலும் இருக்க வேண்டும். மதுரை வெயிலில் இது லேசான காரியமில்லை. அதனால்தான் தேங்காய் அரைத்துவிட்ட எதையும் எங்கள் தூக்குகளில் பார்க்க மாட்டாய். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் பிரியக் கொதிக்கவிட்டு இறக்கினால் மறுநாள் ருசி கூடத்தான் செய்யும். தயிர்சாதத்துக்குப் பாலைத் தாராளமாக ஊற்றித் தயிரை ஒரு கரண்டியோடு நிறுத்தினால் மதியத்துக்குப் பக்குவமாக இருக்கும். கூட மல்லித் துவையல், மோர்மிளகாய். கறி மீன் இல்லை, காபி டீ இல்லை, நீர்மோர் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் வீட்டு ஆட்களுக்கு மேல் இரண்டு ஆழாக்கு அரிசி கூடப் போடுவோம். அது யாருக்கென்று நினைக்கிறாய்?

வேதத்தில் யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தை எடுத்துப் பார். ஓய்வு உனக்கு, உன் பிள்ளைகளுக்கு, வேலைக்காரருக்கு, மாட்டுக்கு என்று சொல்லி வந்த கட்டளை, கடைசியில் வாசலுக்குள் இருக்கிற அந்நியனையும் சேர்த்துக்கொள்கிறது. ஓய்வுநாளில் வாங்காதே, விற்காதே என்று உனக்குச் சொல்லித்தந்தது இந்தச் சபைதான். அடுப்பு இல்லாத பிள்ளையிடம் ஓட்டலுக்கும் போகாதே என்று சொல்லிவிட்டு, நாங்கள் மட்டும் வீட்டுச் சோறு சாப்பிட்டால் கட்டளையை மீறுகிறவர்கள் நாங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேர்ந்து சாப்பிடுவது இந்த ஊர்க் கிறிஸ்தவர்களுக்குச் சுலபமாக வந்ததில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே இங்கிருந்த கடலோர மீனவரான பரதவர் சபையோடு பந்தி கலக்காமல் தனித்து வாழ்ந்தார். 1834-இல் அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். 1840-களில், சாதியை விட்டாயிற்றா என்று பார்க்க அவர்கள் வைத்த சோதனையே ஒரே பந்தியில் சாப்பிடுவதுதான். உபதேசியார்களிலேயே சிலர் அதற்கு உடன்படாமல் விலகினார்கள். பக்கத்தில் முழங்கால் போட முடிந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உண்ண முடியவில்லை.

நம் சபைப் பாட்டிமார் சிலர், பிறர் வீட்டு வாசலில் குவளையில் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாத காலத்தைப் பார்த்தவர்கள். இன்று முதல் கரண்டிச் சோறு அவர்கள் கையால்தான் எல்லார் இலையிலும் விழுகிறது. அந்தக் கையால் நீ வாங்கிச் சாப்பிட வேண்டும் என்பது எனக்கு உன் பசியைவிடப் பெரிய விஷயம்.

வருகிற சனிக்கிழமை இரு. தட்டு, டம்ளர்கூட வேண்டாம். சும்மா உட்காரக் கூச்சமாக இருந்தால் தண்ணீர் அண்டாவைத் தூக்கி வைக்க ஆள் இல்லாமல் திண்டாடுகிறோம், அதைப் பிடி. சாப்பிட்டபின் பாட்டு, பிறகு மூன்று மணிக்கு வாலிபர் கூட்டம். அதற்கும் இருந்துவிட்டே போகலாம். காரம் ஆகாது என்றால் வியாழக்கிழமைக்குள் சொல்லு, உனக்குத் தனியாக எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் சபை அக்கா